இணையத்தில் வரும் கமத்தொழில் ஆலோசனை: கைக்கொள்ளுமுன் சோதித்தறிக

வயலில் ஆங்காங்கே வட்ட வட்டமாக நெற்பயிர் மஞ்சளித்துக் காய்வதைக் கண்டதும், கைத்தொலைபேசியை எடுத்து இணையத்தில் மருந்து தேடுவது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. அங்கே கிடைக்கும் ஆலோசனை பொருத்தமானதாயின் பயிர் பிழைக்கும். பிழையானதாயின் பணமும் போகமும் ஒருங்கே நட்டமாகும். ஆதலின் கமக்காரர் பின்வரும் நான்கு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே மருந்து விசிறுதல் வேண்டும்.

1. எவ்விடத்துக்கு உரியது? தமிழிலுள்ள விவசாயக் காணொளிகள் பல தமிழ்நாட்டுக் கமக்காரருக்கென எடுக்கப்பட்டவை. குறுவை, நவரை என்னும் போகப் பெயர்கள் அவற்றில் வருமாயின், அவை நமது காலபோகத்துக்கோ சிறுபோகத்துக்கோ கூறப்பட்டவை அல்ல. அங்குள்ள நெல்லினங்களும் பசளை அளவுகளும் வேறானவை.

2. எக்காலத்துக்கு உரியது? பரகுவாட் என்னும் களைகொல்லி 2008 முதல் 2011 வரை இலங்கையிற் படிப்படியாக விலக்கப்பட்டது. பழைய குறிப்பொன்றை நம்பி அதனைத் தேடி அலைதல் வீணாகும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட மருந்துகளே இங்கு விற்கப்படலாம். மருந்தின் அளவையும், மரக்கறிப் பயிராயின் விசிறிய பின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்களையும் போத்தலின் சுட்டுத்துண்டிலே பார்த்துக்கொள்க.

3. கூறுபவர் யார்? பெயரும் பதவியும் இல்லாத செய்தியை நம்பற்க. மருந்து விற்பவரே ஆலோசனையும் கூறின், வேறொருவரிடமும் கேட்டறிக.

4. உங்கள் வயலுக்குப் பொருந்துமா? மேற்கூறிய காய்வு அறக்கொட்டி எனப்படும் கபிலநிறத் தத்தியால் ஏற்பட்டதாயின், பயிரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அப்பூச்சிகள் கூட்டமாகக் காணப்படும். அடியைப் பிரித்துப் பாராது, “உடனே விசிறுக” என்ற செய்தியை நம்பிப் பைரித்ரொயிட் வகை மருந்தை விசிறினால், தத்தியை உண்ணும் சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்கள் மடியும். பின்னர்த் தத்தி முன்னிலும் பன்மடங்கு பெருகும்.

ஐயமேற்படின், பாதிக்கப்பட்ட பயிரை வேருடன் எடுத்துச் சென்று உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக. அல்லது திணைக்களத்தின் 1920 என்னும் ஆலோசனைத் தொலைபேசி இலக்கத்துக்குப் பேசுக. விசிறிய மருந்தை மீட்டல் இயலாது. விசிறுமுன் ஒருமுறை கேட்டறிதல் எவருக்கும் இயலும்.