குளியலறை விளக்குக்குப் புது வண்ணம்

1980இல் டி.வி.எஸ். 50 வெளிவந்த நாள்களில் ஓசூரில் கட்டப்பட்ட வீடுகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. குளியலறை விளக்கின் இரும்புத் தாங்கி துருவேறியிருக்கும். அதை எறிய வேண்டுவதில்லை; வண்ணம் பூசிப் புதிதாக்கலாம்.

ஆயினும் வண்ணம் கடைசி வேலை. தொழிற்சாலையில் உழைக்கும் நம் குடும்பத்தினர் இதனை நன்கறிவர். வண்டித் தகட்டை எண்ணெய்ப் பசை போகக் கழுவி, பாஸ்பேட் பூச்சு ஏற்றிய பின்னரே அங்கு வண்ணம் பூசுகின்றனர். வீட்டிலோ துருவின் மேலேயே தூரிகையை ஓட்டிவிடுகிறோம்!

மெயின் சுவிட்சை நிறுத்தி, டெஸ்டரால் சோதித்த பின்னரே தாங்கியைக் கழற்றுக. உப்புத்தாளால் துருவை நீக்கி, ரெட் ஆக்சைடு பூசி, உலர்ந்தபின் எனாமலை மெல்லியதாக இருமுறை பூசுக. பித்தளையாயின் வண்ணமே வேண்டா. புளியிட்டுத் துலக்கி, கழுவி உலர்த்தி, நிறமற்ற வார்னிஷ் பூசினால் போதும். புளியிட்டுத் துலக்கிய பித்தளையின் ஒளிக்கு எந்தப் பொன்வண்ண டப்பாவும் ஈடன்று என்பது நம் கருத்து. 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் எல்.இ.டி. பல்பைப் போட்டால் சூட்டில் பூச்சு கருகாது.

எர்த் கம்பியைத் திருகும் இடத்தில் மட்டும் வண்ணம் படலாகாது. வண்ணப்படலம் மின்சாரத்தைக் கடத்தாது. அங்கே உலோகமும் உலோகமும் தொட்டிருந்தால்தான், காப்புத் தேய்ந்த கம்பியிலிருந்து இரும்பில் மின்சாரம் பாயும் நாளில் அது தரைக்கு இறங்கி பியூஸை உருக்கும். இல்லையேல், ஈரக் கையோடு தொடுபவரின் உடலே அதற்கு வழியாகும். எர்த் கம்பியே இல்லாத வீடுகளில் வண்ண டப்பா வாங்குமுன் எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.