வெல்டு வைக்காத ஸ்டீயரிங்

கொடைக்கானல் மலை ரோட்டில், டம்டம் பாறையில் வண்டியை ஓரங்கட்டி, எலிவால் அருவியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். வண்டி சற்று யோசித்துவிட்டுத் திரும்பியது. அடுத்த வளைவில் ஹாரனை அழுத்தினால் சத்தமே இல்லை. இரண்டும் ஒரே கோளாறு என்று அப்போது எனக்குத் தெரியாது. பிரேக்கில் காலை வைத்தபடி, இரண்டாவது கியரிலேயே உருட்டிக் காட்ரோடு வந்து, அங்கிருந்து கெங்குவார்பட்டி சேர்ந்தேன்.

வண்டி, அப்பா பழையதாக வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னை வண்டலூர் தொழிற்சாலையில் 1961 முதல் பத்தாண்டு அளவில் செய்தார்கள். மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு, 1959-இல் வந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலொட்டி. அந்தக் காலத்தில் பெரும்பாலான கம்பெனிகள் கூடு முழுவதையும் ஒன்றாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, இதற்கு அடியில் தனிச் சேஸிஸ், மேலே துண்டு துண்டாகப் போல்ட் போட்ட பாடி. பெட்டியில் பாகங்களாக அனுப்பி, போய்ச் சேரும் நாட்டில் பூட்டிக்கொள்ளத் தோதான வண்டி. பிற்பாடு இங்கிலாந்தில் வீட்டுக் கொட்டகையில் கார் கட்டுகிறவர்கள், ஹெரால்டின் சேஸிஸை எடுத்து அதன்மேல் வேறு பாடி ஏற்றியதும் இதனால்தான். அவற்றைக் 'கிட் கார்' என்பார்கள்.

அங்கே 1957-இல் வந்த லோட்டஸ் செவன் காரைப் பாகங்களாக வாங்கினால் அந்நாளில் கொள்முதல் வரி கட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதித் தரக்கூடாது என்று விதி இருந்தது. கம்பெனிக்காரர்கள் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்களாம், வாங்கினவர் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொள்ள வேண்டியது! கெங்குவார்பட்டியில் எங்கள் மெக்கானிக் மாமாவிடம் இதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பே வரவில்லை. "வேற எப்படிப் பூட்டுவாக?" என்றார். அவர் கழற்றும் ஒவ்வொரு நட்டும் வரிசையாகக் கோணிச் சாக்கின்மேல் போய் உட்காரும். பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுப்பார்.

ஹெரால்டின் பானெட், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து முன்பக்கமாக முழுசாகக் கவிழும். முன் டயர்மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். மாமா அப்படித்தான் உட்கார்ந்தார். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்து வேகமாக ஆட்டத் தொடங்கினேன்.

"மாப்ள, அம்புட்டு ஆட்டாத. ரெண்டு விரக்கடை போதும். இங்கிட்டு அங்கிட்டு, மெதுவா."

நான் அசைக்க, அவர் கீழிருந்து மேலாக ஒவ்வொரு இணைப்பையும் விரலால் பொத்திப் பொத்திப் பார்த்தார். கையில் தெரிகிற ஆட்டம் ஒரே இடத்தில் பிறப்பதில்லை. டை ராடு முனையில் கொஞ்சம், ரேக் என்னும் பல்சட்டத்தில் கொஞ்சம், கப்ளிங்கில் கொஞ்சம், புஷ்ஷில் கொஞ்சம் என்று சேர்ந்து மேலே வருகிறது. இணைப்பின் இரு பக்கமும் சேர்ந்து அசைந்தால் நல்லது. ஒன்று முந்தி, மற்றது பிந்தினால் விரலுக்கு உடனே தெரியும். கண்ணுக்குத் தெரியாது. சட்டம் இந்த விஷயத்தில் தாராளம்தான்: 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி 30 டிகிரி வரை ஆட்டத்தை விட்டுவைக்கிறது. கடிகாரத்தில் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் உள்ள தூரம். 16 இன்ச் ஸ்டீயரிங் என்றால் விளிம்பில் நாலு இன்ச். மலை ரோட்டில் அந்த நாலு இன்ச்சுக்கு என்ன விலை என்று இறங்கினவனுக்குத்தான் தெரியும்.

முதல் குற்றவாளி ரேக்கைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் ரப்பர். எஞ்சின் ஆயில் ஒழுகலைச் சரிசெய்வதை நான்தான் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டேன். ஆயில் குடித்த ரப்பர், ஊறின பணியாரம் மாதிரி ஆகியிருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரத்துக்கு முன் ரேக்கே நகர்ந்தது. இரண்டாவது, ஸ்டீயரிங் ராடும் ரேக்கும் சேரும் இடத்து ரப்பர் கப்ளிங். வெடித்து விரிந்திருந்தது. அதன் குறுக்கே ஒரு சிறு எர்த் கம்பி போகும். ஹாரனின் மின்சாரம் ஸ்டீயரிங் ராடு வழியாகத்தான் சேஸிஸுக்குத் திரும்புகிறது. ரப்பரில் கரண்ட் போகாதே, அதனால் இந்தக் கம்பி. கப்ளிங் தளர்ந்து கம்பியை இழுத்து இழுத்து அறுத்துவிட்டது. ஹாரன் ஊமையான கதை அதுதான்.

கப்ளிங் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. ராடைச் சுற்றியிருக்கும் வெளிக் குழாயின் அடியில் தேய்ந்திருந்த புஷ்ஷை வத்தலக்குண்டு லேத்தில் நைலானில் கடைந்தோம். அங்கேதான் வினை வந்தது. ஹெரால்டின் ஸ்டீயரிங் ராடு ஒரே கம்பி இல்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டு. ஒரு கிளாம்ப் இரண்டையும் கவ்வியிருக்கும், ஒரு ஆலன் ஸ்குரூவும் லாக் நட்டும் அதை இறுக்கும். எங்கள் கிளாம்ப் தளர்ந்திருந்தது. லேத்துக்காரத் தம்பி பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு இத்தன பாடு? ரெண்டயும் சேத்து ஒரு வெல்டு வச்சிருவோம்ணே, ஆயுசுக்கும் ஆடாது" என்றார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மாமா ராடைக் கையில் வாங்கிக்கொண்டார். "ஆடாது. ஆனா மோதுனா உள்ளயும் போகாது. நெஞ்சுல வந்து நிக்கும்."

முன்னால் மோதினால் ரேக் பின்னுக்குத் தள்ளப்படும். ஒரே கம்பியாக இருந்தால் அது ஓட்டுகிறவரின் நெஞ்சுக்கு நேரே வரும் ஈட்டி. கிளாம்ப் இருந்தால் அந்த விசையில் வழுக்கி, ஒரு துண்டு மற்றதற்குள் இறங்கிவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் மடங்கும் ராடை வைத்தது 1967 மாடல்களில். அமெரிக்கச் சட்டம் இந்தப் பாதுகாப்பைக் கேட்டது 1968-இல். அப்பா அதை எல்லாம் அறியாமலே அந்த ராடுக்குப் பின்னால் உட்கார்ந்து கொடைக்கானல் போய்வந்திருக்கிறார்.

பூட்டுகிற வேலை ஒரு மதியம். சக்கரங்களை நேராக வைத்து, கழற்றுமுன் போட்ட புள்ளிகளை ஒன்று சேர்த்து, கப்ளிங் போல்டுகளை மாட்டினார். எர்த் கம்பி புதிது. வெளிக் குழாயை டேஷ்போர்டோடு பிடிக்கும் பிராக்கெட்டை நான் முறுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். அதை நெரித்தால் உள்ளே ராடு உரசும், வளைவு முடிந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒற்றை விரலால் சுற்றச் சொன்னார். சுற்றியது. சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் உள்ள பித்தளை டிரனியனில் யாரோ கிரீஸ் அடைத்திருந்தார்கள். அதற்கு வேண்டியது 90 ஆயில். கழுவி ஊற்றினார், கூடவே யாரோ ஒருவரைத் திட்டினார்.

கடைசியாகக் கிளாம்ப். ஸ்டீயரிங்கின் தூரத்தைக் கூட்டிக் குறைப்பதும் இதிலேதான். ராடில் பளபளவென்று ஒரு தடம் இருந்தது, பழைய கிளாம்ப் கடித்த இடம். அப்பா குள்ளம், ஸ்டீயரிங்கை நெஞ்சுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்திருந்தார். நான் இத்தனை வருஷம் முழங்கால் இடிக்க அதே இடத்தில்தான் ஓட்டினேன்.

"எங்க வைக்க, மாப்ள?"

ஒன்றரை இன்ச் உள்ளே தள்ளச் சொன்னேன். ஆலன் கீயைத் திருப்பி, லாக் நட்டை இறுக்கிவிட்டு, "இருநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டுக் கொண்டா, ஒருக்கா இறுக்கிருவோம்" என்றார். அப்பாவின் தடம் கிளாம்புக்கு வெளியே தெரிந்தது. துருப் பிடிக்காமலிருக்க அதன்மேல் கொஞ்சம் கிரீஸைத் தடவினேன்.