சீனத்து மனை நூலும் மேற்குமலைச் சாரலும்

கடையநல்லூர்வாசிகளுக்குச் சிங்கப்பூர் அந்நிய தேசம் அன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இவ்வூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பல கப்பலேறிச் சென்று, தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியமர்ந்தன. அக்குடும்பத்துப் பெண்கள் மசாலை அரைத்து விற்றுச் சம்சாரத்துக்குத் தோள் கொடுத்தனர். 1941-இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அங்கே ஸ்தாபிக்கப்பட்டு, 1946-இல் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியையும் தொடங்கிற்று. தஞ்சோங் பகாரை ஒட்டியே சீனர் பேட்டை. வாசற்கதவு எத்திசை நோக்க வேண்டும், அடுப்பங்கரைக்கு எந்த வர்ணம் ஆகும் என்று சீனர் பார்க்கிற சாஸ்திரத்தை, நம்மூரார் அண்டை வீட்டுச் சங்கதியாகவே அறிந்திருந்தனர். அந்த சாஸ்திரந்தான் ஃபெங் சுயி. இன்று பரிசுப்பொருள் கடைகளில் தொங்கும் உலோகக் குழல்களையும், சிவப்பு நூலில் கோத்த ஓட்டை நாணயங்களையும் மட்டும் பார்த்து அதை மதிப்பிடுவது நியாயமாகாது.

காற்று, நீர் என்னும் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பெயர் அது. கி.பி. 276 முதல் 324 வரை வாழ்ந்த குவோ பூ என்பவர் இயற்றியதாகச் சொல்லப்படும் ஒரு பழைய நூல், பிராணனுக்கு ஒப்பான ‘ச்சி’ என்னும் சக்தி காற்றில் சிதறிப்போகும் என்றும், நீரின் எல்லையில் தங்கி நிற்கும் என்றும் கூறுகிறது. அந்நூல் எழுந்தது வீடு கட்டுவோருக்காக அன்று, இறந்தோரை அடக்கம் செய்ய இடம் தேடுவோருக்காக. பின்னோரைக் காக்கும் புதைகுழிக்கு வகுத்த விதிகள் காலக்கிரமத்தில் அரண்மனைக்கும் குடிசைக்கும் விரிந்தன.

இதனோடு பிணைந்தது பஞ்ச தத்துவச் சித்தாந்தம். நம்முடைய பஞ்சபூதங்களில் காற்றும் ஆகாயமும் உண்டு. சீனர் அவ்விரண்டையும் விடுத்து, மரம், தீ, மண், உலோகம், நீர் என ஐந்து கொண்டனர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் த்சௌ யென் என்ற ஞானி இதை முறைப்படுத்தினார் என்பர். நம் பூதங்கள் உலகம் எதனால் ஆயிற்று என்பதைச் சொல்ல, அவர்களுடைய ஐந்தோ உலகம் எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்கின்றன. மரம் எரிந்து தீயாகும். தீ சாம்பலாகி மண் சேரும். மண்ணின் வயிற்றில் உலோகம் பிறக்கும். குளிர்ந்த உலோகத்தின்மேல் நீர் துளிர்க்கும். நீர் மரத்தை வளர்க்கும். இது பிறப்பிக்கும் வட்டம். மரம் மண்ணைப் பிளப்பதும், மண் நீரைத் தடுப்பதும், நீர் தீயை அவிப்பதும், தீ உலோகத்தை உருக்குவதும், உலோகம் மரத்தை வெட்டுவதும் அடக்கும் வட்டம். ஐந்துக்கும் முறையே பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு நிறங்களாம். கிழக்கு, தெற்கு, நடு, மேற்கு, வடக்கு திசைகளாம். பெய்ஜிங் நகரில் 1421-இல் எழுப்பப்பட்ட நில தெய்வ பீடத்தில் இந்த ஐந்து நிற மண்ணையும் அந்தந்தத் திசையில் பரப்பியிருப்பதை இன்றும் காணலாம்.

வீட்டில் இது பிரயோகமாகும் விதத்தை ஓர் அடுக்களையில் வைத்துப் பார்ப்போம். அடுப்புக்கு நேரெதிரே தண்ணீர்த் தொட்டி இருந்தால், தீயும் நீரும் பகைத்து நிற்கின்றன என்று ஃபெங் சுயி அறிந்தவர் சொல்வார். ஆனால் இரண்டில் ஒன்றை இடித்துப் பெயர்க்கச் சொல்லமாட்டார்; இடையே ஒரு மரப்பலகையோ, செடித் தொட்டியோ, பச்சை வர்ணமோ வைக்கச் சொல்வார். நீர் மரத்தை வளர்க்கும், மரம் தீயை வளர்க்கும். ஆகவே, பகையாளிகளுக்கு நடுவே இருவருக்கும் வேண்டிய உறவினர் ஒருவரை உட்கார வைத்ததுபோல் விவகாரம் தீர்ந்துவிடுகிறது. சிவப்பு மிகுந்த அறையில் கறுப்பைக் கொண்டுவந்து தீயை அடிப்பதைவிட, மஞ்சளைக் கொண்டு அதை மண்ணுக்குள் இறக்கிவிடுவதே உத்தமம் என்பதும் இதே நியாயத்தால்தான். உண்மையோ பொய்யோ, இந்த யுக்தியின் அழகை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். (மரத் தத்துவத்துக்கென்று கடையில் விற்கிற ‘லக்கி பேம்பூ’ மூங்கிலே அன்று, ஆப்பிரிக்கக் காட்டுச் செடி, மணி பிளாண்டின் பூர்வீகமோ பசிபிக் சமுத்திரத்துத் தீவு. சீனத்துக்கும் இவற்றுக்கும் உள்ள சம்பந்தம் கடைக்காரர் உண்டாக்கியது.)

நிறத்துக்கும் தத்துவத்துக்கும் உள்ள இந்த உறவு எவ்வளவு தூரம் பலிக்கும் என்பதற்கு இரண்டு நூலகங்களின் சரித்திரம் சுவையான சாட்சி. நிங்போ நகரில் ஃபான் ச்சின் என்ற அதிகாரி 1561-ஆம் ஆண்டளவில் தொடங்கிய தியன்யீ நூலகத்தில், ஒன்று என்னும் எண் நீரைப் பிறப்பிக்கும், ஆறு என்னும் எண் அதை நிறைவிக்கும் என்ற பழங்கொள்கைப்படி, மேல்மாடியை ஒரே கூடமாகவும் கீழ்த்தளத்தை ஆறு பகுதிகளாகவும் அமைத்து, எண்களாலேயே தீயைத் தடுக்க முனைந்தார்கள். அதனோடு நில்லாமல் முற்றத்தில் ஒரு குளமும் வெட்டி, உள்ளே நெருப்பு கொண்டு போவதை ஃபான் குடும்பம் அடியோடு விலக்கி வைத்தது. இரு நூற்றாண்டுகள் கழித்துச் சியென்லுங் சக்கரவர்த்தி இதையே மாதிரியாகக் கொண்டு, பெய்ஜிங் அரண்மனையில் வென்யுவான் நூலகத்தைக் கட்டி 1776-இல் முடித்தபோது, மஞ்சள் ஓடு வேய்ந்த அவ்வரண்மனையின் நடுவே இந்தக் கட்டடத்துக்கு நீரின் நிறமான கறுப்பு ஓட்டை விதித்தார். அங்கு வைத்த 36,000-க்கு மேற்பட்ட சுவடிகளைத் தீ தீண்டவில்லை. அவற்றை அங்கிருந்து அகற்றியது யுத்தம்: 1933-இல் ஜப்பானியர் பயத்தால் பெய்ஜிங்கை விட்டுக் கிளம்பி, உள்நாட்டுப் போரின் முடிவில் கடல் கடந்து, இன்று தைப்பேயில் இருக்கின்றன. கறுப்பு ஓடு செய்த வேலை இன்னதென்று என்னால் சொல்ல இயலாது. குளமும், விளக்கை வாசலிலேயே நிறுத்திய கட்டுப்பாடும் செய்த வேலை வெளிப்படை.

நம்மவர் நேரில் கண்டிருக்கக்கூடிய உதாரணம் சிங்கப்பூர் சன்டெக் சிட்டியின் செல்வ நீரூற்று. ஐந்து கோபுரங்களைக் கைவிரல்களாகக் கொண்டால் உள்ளங்கையில் அமைவது அது. உலோகம் நீரைப் பிறப்பிக்கும் என்பதால் வெண்கலத்தில் செய்து, செல்வம் வெளியே போகாதிருக்க நீர் உள்நோக்கி விழுமாறு வைத்திருக்கிறார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மலை முதுகிலும் நீர் முகத்திலும் இருக்க, வடக்கை மூடித் தெற்கைத் திறந்து வீடு கட்டுக என்பது ஃபெங் சுயியின் தலையாய விதி. பெய்ஜிங் பூமத்திய ரேகைக்கு 40 பாகை வடக்கே இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் சைபீரியக் குளிர்காற்று வடக்கிலிருந்து வீசும்; உச்சிச் சூரியன் வருஷம் முழுவதும் தெற்கிலேயே நின்று, டிசம்பரில் சுமார் 27 பாகை உயரத்துக்குமேல் ஏறாமல் சாய்ந்து, அறையின் உள்ளே வரை வெயிலைப் பாய்ச்சும். தெற்கைத் தீ என்றும், வடக்கைக் கறுப்பு என்றும் அவர்கள் சொன்னது அனுபவத்தில் விளைந்த பேச்சு. கடையநல்லூரோ 9 பாகையில் இருக்கிறது. இங்கே சித்திரைப் பிறப்பு முதல் ஆவணி மத்திவரை நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது! குளிர்காற்று என்று சொல்ல வடக்கில் ஒன்றுமில்லை. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று சாரலைச் சுமந்துகொண்டு, மேற்கிலிருந்து சுவரை அறைகிறது. பெய்ஜிங்கின் திசைப் பட்டியலை இங்கே அப்படியே ஒட்டினால், வடக்குச் சன்னலை அடைத்துவிட்டு மேற்குச் சன்னல் வழியே நனைய நேரிடும்.

பட்டியலை விட்டு, அதை உண்டாக்கிய பார்வையைக் கைக்கொண்டால் கதை வேறு. நம் மலை மேற்கே இருக்கிறது. அதிலிருந்து இறங்கும் கருப்பாநதி முதலிய ஆறுகள் கிழக்கே ஓடிக் குளங்களை நிறைக்கின்றன. மலையை முதுகில் வைத்து நீரை நோக்கினால் வீடு கிழக்குப் பார்த்த வீடாகிறது; சாரலும் மாலை வெயிலும் தாக்கும் மேற்குச் சுவர் தானாகவே பின்சுவராகிறது. நம் பழைய கொத்தனார்களும் பெரும்பாலும் அதைத்தானே விரும்பினார்கள்?

வர்ண விஷயத்தில் ஒரு தற்செயலான பொருத்தமும் வாய்த்திருக்கிறது. மேற்கின் நிறம் சீனருக்கு வெள்ளை. நமக்கும் மேற்குச் சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பே உகந்தது. அது மாலை வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், கறுப்போ கருநீலமோ அதை உறிஞ்சி இரவெல்லாம் அறைக்குள் கக்கும். சிவப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெளிச்சம் மங்க மங்க நம் கண் சிவப்பைக் காணும் திறனை முதலில் இழக்கும். பச்சையும் நீலமும் அதிக நேரம் துலங்கும். ஆதலால் சன்னல் குறைந்த இரண்டாங்கட்டில் செல்வம் வேண்டிச் சிவப்பு பூசினால், அந்திக்குள் அச்சுவர் இருண்டுபோகும். அதற்கு ஃபெங் சுயியில் பரிகாரம் தேட வேண்டியதில்லை, இன்னொரு சன்னல் போதும்.

ஆகவே, புதுமனை கட்டுகிறவர்கள் வர்ண அட்டையைப் புரட்டுமுன், ஆடி மாதத்துச் சாரல் நாள் ஒன்றிலும் பங்குனி மாதத்துப் பிற்பகல் ஒன்றிலும் மனையில் போய் நின்று, காற்றும் வெயிலும் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மேற்குச் சுவருக்கு வெள்ளை அடியுங்கள். மற்றச் சுவர்களுக்கு வீட்டுப் பெண்களுக்குப் பிடித்த நிறம் இருக்கட்டும்.