மாட்டைக் கொல்லும் பழைய பாட்டரி

ஒன்றிரண்டு மாடுகளை நம்பிக் குடும்பம் நடத்தும் விவசாயிக்கு ஒரு மாட்டின் சாவு பெரும் நஷ்டமாகும். கோமாரி, அடைப்பான், தொண்டை அடைப்பான் போன்ற நோய்களை நம் விவசாயிகள் நன்கு அறிவர்; தடுப்பூசியும் போட்டுக் கொள்கின்றனர். ஆனால் தடுப்பூசியால் தடுக்க முடியாத ஆபத்தும் ஒன்று உண்டு. அதுவே கன உலோக நஞ்சு. காரீயம், பாதரசம், காட்மியம் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் மாடுகளை அதிகம் பாதிப்பது காரீயம்.

எப்படி வருகிறது?

டிராக்டர், இன்வர்ட்டர் பாட்டரிகளின் உள்தகடுகள் காரீயத்தால் ஆனவை. உடைந்த பாட்டரியைக் கொட்டகை ஓரத்திலோ எருக்குழியிலோ போட்டால் மாடு அதை நக்கும். தாது உப்புக் குறைந்த மாடு கண்டதையும் நக்கித் தின்னும். கன்றுகளோ எதையும் வாயில் வைத்துப் பார்க்கும். சுமார் 50 கிலோ எடையுள்ள கன்றைக் கொல்ல 20 முதல் 30 கிராம் காரீய உப்பே போதும்.

வீட்டு பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் அமலில் உள்ளது. அதற்கு முன்பு பூசிய கதவு, கம்பி, தொட்டிகளிலிருந்து உரியும் பெயிண்டிலும் இந்த நஞ்சு இருக்கலாம். பழைய பாட்டரிகளை உருக்கும் இடங்களுக்கு அருகிலுள்ள புல்லிலும் காரீயத் தூசி படியும்.

விழுங்கிய துண்டுகள் கனமானவை என்பதால் எளிதில் சாணத்துடன் வெளியேறுவதில்லை. வயிற்றிலேயே தங்கி, சிறிது சிறிதாகக் கரைந்து ரத்தத்தில் கலக்கின்றன. ஈரல், சிறுநீரகம், மூளை ஆகியவை பாதிக்கப்படுகின்றன. எலும்பிலும் காரீயம் படிந்து நெடுநாள் தங்கும். சினை மாடானால் வயிற்றிலுள்ள கன்றுக்கும் அது செல்லும்.

அறிகுறிகள்

மாடு தீனி எடுக்காது, அசை போடாது. முதலில் மலச்சிக்கலும் பிறகு கழிச்சலும் காணலாம். பல்லை நறநறவென்று கடிக்கும், எச்சில் ஒழுகும். கண் பார்வை மங்கித் தடுமாறும். சுவரில் தலையை அழுத்திக் கொண்டு நிற்கும். காதும் இமையும் துடிக்கும், வலிப்பும் வரலாம். கன்றுகள் சில மணி நேரத்திலேயே இறந்து விடுவதுண்டு.

வெறிநோயிலும் இவற்றில் சில அறிகுறிகள் தோன்றும். ஆகவே வெறுங்கையை மாட்டின் வாயில் விடக் கூடாது.

சிகிச்சை

உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அருகில் பாட்டரி, பெயிண்ட் கிடந்ததா என்பதைத் தவறாமல் சொல்ல வேண்டும். காரீயத்தைப் பிணைத்துச் சிறுநீர் வழியே வெளியேற்றும் ஊசி மருந்து உண்டு. அதனுடன் வைட்டமின் பி1 ஊசியும் போடுவர். வயிற்றில் மீதமுள்ள காரீயம் கரையாமலிருக்க, மருத்துவர் கூறும் அளவில் பேதி உப்பு கொடுக்கலாம். விழுங்க முடியாத மாட்டுக்கு எதையும் புகட்டக் கூடாது. மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். பார்வை இழந்து வலிப்பு கண்ட பிறகு பிழைப்பது அரிது.

பாலிலும் காரீயம் கலக்கும்; காய்ச்சினாலும் போகாது. குழந்தைகளின் மூளையை அது பாதிக்கும். ஆதலால் அதே இடத்தில் மேய்ந்த, நோயில்லாதது போல் தோன்றும் மாடுகளின் பாலையும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தவோ விற்கவோ கூடாது. இறந்த மாட்டை ஆழக் குழி தோண்டிப் புதைப்பது அவசியம்.

தடுப்பு முறைகள்

1. பழைய பாட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்து விடவும்.

2. பெயிண்டைச் சுரண்டினால் தூளைக் கூட்டி அள்ளி அப்புறப்படுத்தவும்.

3. குப்பையை எரித்த இடத்தில் மாட்டை மேய விட வேண்டாம்.

4. கறவை மாட்டுக்கு நாள்தோறும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுக்கவும். கண்டதை நக்கும் பழக்கம் குறையும்.

நோய் கண்ட பின் செய்யும் செலவை விட, இன்றே கொட்டகையைச் சுற்றிப் பார்த்துச் சுத்தம் செய்வது மேலானதாகும்.