தொலைவுமானி எண்ணிம ஒளிப்படக்கருவியில் பழைய எஸ்.எல்.ஆர். லென்சுகள்

பழைய எஸ்.எல்.ஆர். லென்சுகளைத் தொலைவுமானிக் கருவியில் பொருத்துதல் என்பது, படச்சுருள் காலத்து எஸ்.எல்.ஆர். ஒளிப்படக்கருவிகளுக்காகச் செய்யப்பட்ட லென்சுகளை, இடையில் ஓர் உலோக வளையத்தை வைத்து, லைக்கா எம் மவுண்ட் கொண்ட எண்ணிமக் கருவிகளில் பயன்படுத்தும் முறையாகும். இவ்வளையம் அடாப்டர் என்றே வழங்கப்படுகிறது. பொருத்துவது எளிது. பொருத்திய பின் குவியம் எங்கே விழுகிறது என்று அறிவதுதான் கடினம்.

பெண்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, யாஷிகா எஃப்எக்ஸ்-3, சோவியத் ஒன்றியத்தின் செனித் போன்ற எஸ்.எல்.ஆர். கருவிகள் தமிழகத்துச் சிற்றூர் ஸ்டுடியோக்களில் பல ஆண்டுகள் பயன்பட்டவை. 2000களில் திருமண ஒளிப்படத் தொழில் எண்ணிமத்துக்கு மாறியபோது இவற்றின் லென்சுகள் பெட்டிக்குள் போயின. அவற்றுக்கு மறுபயன் தேடுவோர் அறியவேண்டிய முறைகளுள் இதுவும் ஒன்று.

இருவகைக் கருவிகள்

எஸ்.எல்.ஆர். கருவியில் லென்சின் வழியே வரும் ஒளியை ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்புகிறது. ஆகவே படம்பிடிப்பவர் காண்பது லென்சு காண்பதையே. ரேஞ்ச்ஃபைண்டர் எனப்படும் தொலைவுமானிக் கருவியில் அக்கண்ணாடி இல்லை. பார்வைச் சாளரம் தனியாக உள்ளது. சற்றுத் தள்ளியுள்ள இன்னொரு சிறு சாளரத்திலிருந்து வரும் பிம்பம் அதன் நடுவில் விழுகிறது. லென்சைத் திருப்பி இரு பிம்பங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் குவியம் கிடைத்துவிடும். நம் இரு கண்கள் தொலைவை உணர்வது போன்ற முக்கோண முறையே இது. லைக்கா எம் கருவிகளில் இச்சாளரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 69.25 மி.மீ.

எம் மவுண்ட் 1954ல் லைக்கா எம்3 கருவியுடன் அறிமுகமானது. இவ்வகையில் முதல் எண்ணிமக் கருவி 2004ல் வெளிவந்த எப்சன் ஆர்-டி1. லைக்கா எம்8 2006லும், 35 மி.மீ. படச்சுருளின் முழு அளவு உணரி கொண்ட எம்9 2009லும் வந்தன.

வளையத்தின் தடிமன்

லென்சு பொருந்தும் உலோக முகத்துக்கும் படச்சுருள் அல்லது உணரிக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு மவுண்டுக்கும் நிலையானது. லைக்கா எம் மவுண்டில் இது 27.80 மி.மீ. மட்டுமே. எஸ்.எல்.ஆர். கருவியில் கண்ணாடி எழுந்து விழ இடம் வேண்டும் என்பதால் இத்தூரம் அதிகம்: நிக்கான் எஃப் 46.50, செனித்தின் எம்42 திருகு 45.46, பெண்டாக்ஸ் கே அதே 45.46, மினோல்டா 43.50, கேனான் எஃப்டி 42.00 மி.மீ. இரண்டுக்குமான வேறுபாடே வளையத்தின் தடிமன். எடுத்துக்காட்டாக நிக்கான் லென்சுக்கு 18.70 மி.மீ., எம்42 லென்சுக்கு 17.66 மி.மீ. தடிமனுள்ள வளையம் தேவை. உள்ளே கண்ணாடித் துண்டு எதுவும் வேண்டியதில்லை. இதன் மறுதலை, அதாவது எம் லென்சை எஸ்.எல்.ஆரில் இவ்வாறு பொருத்தித் தொலைவை எடுப்பது, இயலாது.

குருடாகும் தொலைவுமானி

எம் லென்சின் பின்புறத்தில் ஒரு உலோக விளிம்பு உண்டு. லென்சு முன்னும் பின்னும் நகர, அவ்விளிம்பு கருவிக்குள் இருக்கும் சிறு உருளையைத் தள்ளுகிறது. உருளை சாளரப் பிம்பத்தை நகர்த்துகிறது. எஸ்.எல்.ஆர். லென்சில் இந்த விளிம்பு கிடையாது. சாதாரண அடாப்டர் வழியே லென்சை எவ்வளவு திருப்பினாலும் உருளை அசையாது. இரு பிம்பங்களும் ஒன்றுசேர்ந்தாலும் சேராவிட்டாலும் அதற்குப் பொருளில்லை. 50 மி.மீ. லென்சுகளுக்கு மட்டும் உருளையையும் இயக்கும் சிறப்பு அடாப்டர்கள் உள்ளன, அவை விதிவிலக்கு.

எஞ்சியிருப்பது லென்சின் மேல் பொறிக்கப்பட்ட தொலைவு அளவுகோல். அதை நம்ப, வளையம் துல்லியமாக இருக்கவேண்டும். விலை குறைந்த வளையங்களில் சிக்கல் எழுவது இங்கேதான்.

தடிமன் 0.1 மி.மீ. பிழையானால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். குவியத்தூரத்தின் இருமடியைப் பிழையால் வகுத்தால், முடிவிலிக் குவியம் எத்தொலைவுக்கு இறங்கிவிடுகிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். 135 மி.மீ. லென்சில் இது 182 மீட்டர், 50 மி.மீ. லென்சில் 25 மீட்டர், 28 மி.மீ. லென்சிலோ 7.8 மீட்டர் மட்டுமே. வளையம் அவ்வளவு தடித்திருந்தால் 28 மி.மீ. லென்சு தொலைவிலுள்ள மலையில் குவியாது. இக்குறையைத் தவிர்க்க வளையத்தைச் சற்று மெல்லியதாகவே செய்யும் வழக்கம் உண்டு. அப்போது மலை தெளியும், அளவுகோல் பொய் சொல்லும். 0.1 மி.மீ. மெலிந்த வளையத்தில் 28 மி.மீ. லென்சை 3 மீட்டர் குறியில் வைத்தால், குவியம் உண்மையில் 5 மீட்டருக்குச் சற்று முன்னே விழும்.

எஸ்.எல்.ஆர். கருவியில் இது பெரிய குறையன்று, கண் திருத்திக்கொள்ளும். தொலைவுமானிக் கருவியில் திருத்தக் கண் இல்லை. கண்மதிப்புக்கு மிகவும் ஏற்றது என்று பரிந்துரைக்கப்படும் அகலக்கோண லென்சுதான் வளையப் பிழையால் மிகுதியாகக் கெடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆகவே வளையம் வாங்கியவுடன் சோதிப்பது நல்லது. தேனி மாவட்டம் இராயப்பன்பட்டியில் இருப்பவருக்கு மேகமலைத் தொடரே போதுமான முடிவிலி. துளையை முழுதாகத் திறந்து, முடிவிலிக் குறியிலும் அதற்குச் சற்று முன்னும் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். அடுத்து நாடாவால் 3 மீட்டர் அளந்து அங்கே அச்செழுத்துத் தாளை வைத்து எடுக்கவேண்டும். வளையம் மெலிந்திருந்தால் மெல்லிய உலோகத் தகட்டை இடையில் வைத்து ஈடுசெய்யலாம். இல்லையேல் லென்சின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிப் புதிய அளவுகோலை எழுதிக்கொள்ளலாம்.

களத்தில்

முழு அளவு உணரியில் 28 மி.மீ. லென்சை எஃப்/8 துளையில் 3.3 மீட்டருக்கு வைத்தால், ஏறத்தாழ 1.65 மீட்டர் முதல் முடிவிலி வரை தெளிவாக இருக்கும். ஆர்-டி1 போன்ற சிறிய உணரியில் அதே துளைக்கு 4.9 மீட்டரில் வைக்கவேண்டும், தெளிவு 2.45 மீட்டரிலிருந்துதான் தொடங்கும். லென்சில் பொறித்த புல ஆழக் கோடுகள் படச்சுருளுக்குக் கணக்கிட்டவை என்பதால், சிறிய உணரியில் எஃப்/8ல் எடுக்கும்போது எஃப்/5.6க்கான கோடுகளைப் பார்ப்பது பாதுகாப்பு.

சண்முகாநதி அணைக்கரையின் வெயிலில் இம்முறை தடையின்றி நடக்கும். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலுக்குள் நுழைந்தால் ஒளி குறைந்துவிடும். துளையைத் திறந்தே ஆகவேண்டும். 50 மி.மீ. லென்சை எஃப்/2ல் வைத்து 2 மீட்டர் தொலைவில் உள்ளவரை எடுத்தால் தெளிவான பகுதி சுமார் 19 செ.மீ. மட்டுமே. பந்தல் தூண்களின் இடைவெளியை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் தொலைவை மதிப்பிட உதவும். இருந்தும் முழுத் துளையில் கண்மதிப்பை நம்புவது சூதாட்டமே. 135 மி.மீ. லென்சைக் கண்மதிப்பில் பயன்படுத்த முயல்வது வீண்.

நன்மைகளும் உண்டு. எஸ்.எல்.ஆரில் துளையை மூடினால் பார்வைச் சாளரம் இருளும். இங்கே சாளரம் தனி என்பதால் இருளாது. ஒளியளவைக் கருவி லென்சின் வழியே அளந்து, ஷட்டர் வேகத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். கண்ணாடிக்கு இடம்விட்டு வடிவமைத்த எஸ்.எல்.ஆர். அகலக்கோண லென்சுகளில் ஒளிக்கதிர்கள் உணரியின் ஓரத்தில் அதிகம் சாய்ந்து விழுவதில்லை. இதனால் பழைய தொலைவுமானி அகலக்கோண லென்சுகள் சில எண்ணிம உணரியில் காட்டும் ஓர இருளும் நிறமாற்றமும் இவற்றில் குறைவு.

நேரடித் திரைக்காட்சி வந்த பின்

லைக்கா தன் சொந்த எஸ்.எல்.ஆர். வரிசையான ஆர் அமைப்பை 2009ல் நிறுத்தியது. அந்த லென்சுகளை வைத்திருந்தோர் கருவியின்றி நின்றனர். 2012ல் அறிவிக்கப்பட்ட லைக்கா எம் வகை 240 இவர்களுக்கும் விடையானது. உணரி காண்பதை நேரடியாகத் திரையில் காட்டும் வசதி எம் வரிசையில் இதில்தான் முதலில் வந்தது; ஆர் லென்சுகளுக்கான அடாப்டரையும் லைக்காவே விற்றது. திரையில் பெரிதாக்கிக் குவிக்கலாம் என்பதால் வளையத்தின் சிறு பிழையும் பொருட்டல்ல, 135 மி.மீ. லென்சும் பயன்படும். ஆனால் அப்போது தொலைவுமானிக்கு வேலையில்லை. இதற்காக மட்டும் விலைமிக்க எம் கருவியை வாங்குவதைவிட, அதே லென்சை அதேபோன்ற வளையத்துடன் ஏற்கும் கண்ணாடியற்ற சாதாரணக் கருவி ஒன்றை வாங்குவதே சிக்கனம்.

லென்சைத் தேர்தல்

துளையைத் திருப்பும் வளையம் லென்சிலேயே இருக்கவேண்டும். நிக்கானின் ஜி வகை, கேனானின் இஎஃப் வகை லென்சுகளில் அது இல்லாததால் சாதாரண அடாப்டரில் துளையை மாற்ற இயலாது. எம்42 லென்சில் தானியங்கி, கைமுறை என மாற்றும் விசை இருந்தால் கைமுறையில் வைக்கவேண்டும். இல்லையெனில் பின்புற ஊசியை அழுத்திப் பிடிக்கும் அடாப்டர் தேவை. நெடுங்காலம் பெட்டியில் கிடந்த லென்சுகளில் பூஞ்சை படர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். டார்ச் விளக்கைப் பின்புறத்திலிருந்து சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் சிலந்தி நூல் போன்ற இழைகள் தெரியும்.