அடுத்த பாடம் எது?

பியானோ பயிலும் பிள்ளை உள்ள வீட்டில், ஒரு பாடம் முடிந்த மறுநாளே எழும் கேள்வி ஒன்றுண்டு. அடுத்து எதை வாசிப்பது என்பதே அது. பிள்ளை விரும்புவது, தன் காதில் எந்நேரமும் ஒலித்துக் கொண்டிருக்கும் புகழ்பெற்ற படைப்பொன்றை. பெற்றோர் விரும்புவது, பரீட்சைக்கு உரியதை. ஆசிரியர் மனத்தில் இருப்பதோ வேறொன்று. இம்மூன்று விருப்பங்களுக்கும் இடையே எடுக்கப்படும் முடிவு, அடுத்த சில மாதங்கள் அப்பிள்ளை வாத்தியத்தின் முன் மகிழ்ச்சியோடு அமர்வதா, வேண்டா வெறுப்பாக அமர்வதா என்பதைத் தீர்மானித்து விடுகிறது.

மடுல்கெல்ல போன்ற மலையூர்களில் இம்முடிவுக்குக் கனம் அதிகம். தேயிலை மலையிலிருந்து இறங்கி, வத்தேகம வழியாகக் கண்டிக்குச் சென்று, வாரம் ஒரு முறை பாடம் கேட்டுத் திரும்பும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். எஞ்சிய ஆறு நாட்களும் அவளுக்கு அவளே ஆசிரியை. விரல் தவறினால் திருத்துவார் அருகில் இல்லை. ஆகவே, தன் பிழையைத் தன் காதாலேயே கண்டு கொள்ளக் கூடிய பாடமே அவளுக்கு ஏற்றது. எட்டாத பாடத்தைக் கொடுத்து விட்டாலோ, ஆறு நாட்கள் பிழையையே பழகி, ஏழாம் நாள் அதை மறப்பதற்காகக் கண்டிக்குப் பயணம் செய்ய வேண்டியிருக்கும்!

நமது கர்நாடக சங்கீதத்தில் இத்தொல்லை குறைவு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், அதன் பின்னரே கீர்த்தனை என்று படிகள் ஒழுங்காக அமைந்திருக்கின்றன. மேனாட்டுப் பியானோ இசையில் எல்லாருக்கும் பொதுவான அத்தகைய ஒரே வரிசை இல்லை. ஆயினும், பெரும் இசைமேதைகள் சிலர் இளையோருக்கெனப் படிகள் அமைத்தே சென்றிருக்கின்றனர். அவர்களில் மூவர் தம் சொந்தப் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதினர் என்பது நம் கவனத்துக்குரியது.

ஜெர்மனியின் பாக், 1720ஆம் ஆண்டில் தம் ஒன்பது வயது மகனுக்காக ஓர் இசையேடு தொடங்கினார். அதில் இடம்பெற்ற 15 சிறு படைப்புகளே 1723இல் செம்மை பெற்று, 'இன்வென்ஷன்' என்ற பெயரால் இன்றும் பயிலப்படுகின்றன. ஷூமன் 1848இல் தம் மூத்த மகளின் ஏழாம் பிறந்தநாளுக்கெனச் சில சிறு படைப்புகளை எழுதத் தொடங்கினார். அவை வளர்ந்து 43 படைப்புகள் கொண்ட 'இளையோர் தொகுப்பு' ஆயிற்று. ஹங்கேரி நாட்டு பார்ட்டோக், 'மைக்ரோகாஸ்மாஸ்' என்னும் 153 படைப்புகளை ஆறு பாகங்களாக அமைத்து, முதலிரு பாகங்களைத் தம் மகனுக்கு உரித்தாக்கினார்.

இத்தகைய தொகுப்புகளைக் கவனித்தால் ஒரு நெறி புலப்படும். பழகிய பலவற்றோடு புதியது ஒன்றே சேர வேண்டும் என்பதே அந்நெறி. ஷூமனின் தொகுப்பில், வேலை முடிந்து வீடு திரும்பும் உழவனின் களிப்பைக் கூறும் சிறு படைப்பு ஒன்றுண்டு. அதில் மெட்டை வாசிப்பது இடக்கை. வலக்கை பெரும்பாலும் இலேசாக ஒத்து வாசிக்கிறது. அதுவரை வலக்கையாலேயே பாடி வந்த பிள்ளைக்கு அந்த மாற்றமே புதுமை. தாளமும் வேகமும் அச்சுறுத்துவன அல்ல. பாக்கின் இன்வென்ஷன்களில் இரு கைகளும் சம உரிமையோடு உரையாடுகின்றன. எனவே, இடக்கை பாடப் பழகிய பின்னர் அவற்றை அணுகுதல் இயல்பு.

புகழை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் நேர்வது வேறு. பீத்தோவன் 1810இல் எழுதிய 'எலீசாவுக்காக' என்னும் படைப்பின் தொடக்கத்தை அறியாதார் அரிது. அந்த முதற்பகுதி மாணவர் கைக்கு எட்டக் கூடியதே. ஆனால், நடுவே விரைந்தோடும் சுரங்கள் வருகின்றன. முதற்பக்கத்தை மட்டும் கண்டு தொடங்கிய பலர் அங்கேயே நின்று விடுகின்றனர். எனவே, எந்தப் படைப்பையும் ஏற்குமுன் அதன் மிகக் கடினமான இடத்தைத் தேடி, மிக மெதுவாக, முதலில் ஒவ்வொரு கையாலும் பின்னர் இரு கைகளாலும் வாசித்துப் பார்ப்பது நலம். அது கைகூடும் என்ற நம்பிக்கை பிறந்தால் தொடங்கலாம். இல்லையேல் அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கி வைக்கலாம். ஒதுக்கி வைப்பது கைவிடுவது ஆகாது.

வீட்டிலுள்ள வாத்தியத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முழுப் பியானோவில் 88 கட்டைகள் உண்டு. பல வீடுகளில் இருப்பதோ 61 கட்டைகள் கொண்ட மின் கீபோட். ஷோபானின் இரவுப் பாடல்கள் பெடல் என்னும் கால்மிதியை நம்பி எழுதப்பட்டவை. பெடல் இல்லாத கீபோட்டில் அவற்றின் அழகு கிட்டாது. பாக்கின் இன்வென்ஷன்களோ பெடலின்றியே நிறைவு பெறுவன; 61 கட்டைகளுக்குள் அடங்குவன. எளிய வாத்தியம் உள்ள வீட்டுக்கும் உயர்ந்த இசை உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இனிப் பரீட்சை. 1889இல் தோன்றிய இலண்டன் றோயல் இசைக் கல்லூரிகளின் கூட்டுச் சபை நடத்தும் செய்முறைத் தரப் பரீட்சையில் மொத்தப் புள்ளிகள் 150. மூன்று படைப்புகளுக்கும் சேர்த்து 90. எஞ்சிய 60 புள்ளிகள் சுரவரிசை, பார்த்தவுடன் வாசித்தல், செவிப்பயிற்சி ஆகியவற்றுக்கு. ஆண்டு முழுவதும் அந்த மூன்றையே திரும்பத் திரும்ப வாசிக்கும் பிள்ளை, புதிய தாளொன்றைக் கண்டதும் திகைத்துப் போவதில் வியப்பில்லை. பரீட்சைப் படைப்புகளுக்கிடையே, இரு வாரங்களில் முடியக் கூடிய எளிய படைப்புகள் சிலவற்றையும் வாசிக்கச் செய்தால், கண்ணும் கையும் ஒருங்கே தேறும்.

பெற்றோர் செய்யத் தக்கது எளிது. ஆசிரியர் ஏற்றவையெனக் கூறும் இரண்டு மூன்று படைப்புகளைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுமாறு கேளுங்கள். அவற்றுள் ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். தானே தேர்ந்த பாடத்துக்காகப் பிள்ளை படும் பாடு பெரிதாகத் தோன்றாது. முடித்த பாடங்களுள் ஒன்றையேனும் மறவாமல் காத்து வரச் செய்யுங்கள். மலையில் மழை பிடித்து, வெளியே செல்ல முடியாத மாலைப் பொழுதில், எவரும் ஏவாமலே அதை வீட்டாருக்கு வாசித்துக் காட்டப் பிள்ளை வந்து அமருமானால், நாம் தேர்ந்த பாடம் தகுந்ததே.