மலிவு விலை 5ஜி: விலையை மட்டும் பார்த்தால் போதுமா?

புது தில்லி: பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் 5ஜி கைப்பேசி வாங்க விரும்புவோர் விலையை மட்டும் ஒப்பிடுவது போதாது என்பதற்கு இரு கைப்பேசிகள் சான்றாக உள்ளன.

ஷாவ்மி நிறுவனத்தின் ரெட்மி ஏ4 5ஜி, 2024 நவம்பரில் ரூ.8,499 தொடக்க விலையில் அறிமுகமானது. சாம்சங் கேலக்ஸி ஏ06 5ஜி, 2025 பிப்ரவரியில் ரூ.10,499 விலையில் வந்தது. வித்தியாசம் ரூ.2,000.

ஆனால், உண்மையான வேறுபாடு 5ஜி இயங்கும் முறையில் உள்ளது. 2022 அக்டோபர் 1-ஆம் தேதி பிரதமர் மோடி தில்லியில் 5ஜி சேவையைத் தொடக்கிவைத்தார். ஜியோ தனித்தியங்கும் கட்டமைப்பை (எஸ்.ஏ.) ஏற்றது. ஏர்டெல், தனது 4ஜி கட்டமைப்பைச் சார்ந்த முறையில் (என்.எஸ்.ஏ.) தொடங்கியது. ரெட்மி ஏ4 முதல் முறையை மட்டுமே ஏற்கும். இதனால், அது விற்பனைக்கு வந்தபோது ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்கு அதில் 4ஜி மட்டுமே கிடைத்தது. கேலக்ஸி ஏ06 இரண்டையும் ஏற்கும்.

எண்ணை மாற்றாமல் சேவை நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரி 20-இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. ஒரு முறையை மட்டுமே ஏற்கும் கைப்பேசி, அந்த உரிமையின் பயனைக் குறைத்துவிடுகிறது.

ஜியோவிலேயே நீடிப்போருக்கு ரெட்மி சிக்கனமானது. மற்றவர்கள், இரு முறைகளையும் ஏற்குமா எனக் கேட்டறிந்து வாங்குவதே நலம்.